நாற்பத்தொரு பேர் சார்பில்

அந்த டிசம்பரில் பர்லியாறு பக்கம் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டிருக்காவிட்டால் நான் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்க மாட்டேன். கொஞ்ச நாள் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மண்ணின் மேல் பழியைப் போடுவது எளிது. அது எதிர்த்துப் பேசாது.

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் கை போன போக்கில் ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வசனம் அந்த வருஷம் முழுக்க அவருக்கானது. சிலர் பர்ஸில் வைத்துக்கொள்வார்கள், சிலர் அரிசி டிரம்மின் மூடியில் ஒட்டுவார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உள்ளங்கையில் மடித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அட்டைகள் கோயம்புத்தூர் அச்சகத்திலிருந்து வரும். அந்த வருஷம் பார்சல் மேட்டுப்பாளையத்திலேயே நின்றுவிட்டது. டிசம்பர் முப்பதாம் தேதி மதியம், பெண்கள் ஐக்கியத்தின் செயலாளரான என்னிடம் தட்டு இருந்தது, அட்டை இல்லை.

எங்கள் ஊரான நடுவட்டத்தில் எல்லாரும் என்னை டீச்சர் என்பார்கள். அரசு நடுநிலைப் பள்ளியில் பத்தொன்பது வருஷமாகக் கணக்கு சொல்லித்தருகிறேன். கெஸியா என்கிற பெயர், என் கணவர் பிரைட்டன் கோபமாக இருக்கும்போது மட்டும் முழுதாகக் காதில் விழும். ஐக்கியத்தின் ஜெபக் குழுவை முகநூலில் தொடங்கியதும் நான்தான். வெளியார் யாரும் பார்க்க முடியாத குழு. என்னைத் தவிர நாற்பத்தொரு பெண்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருப்பவர்கள். புதன்கிழமைக் கூட்டத்துக்கு வர முடியாதபோது ஜெப விண்ணப்பத்தைக் குழுவில் எழுதிவிடுவார்கள். செவ்வாய் மாலை நான் எல்லாவற்றையும் படித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு ஜெபத் துணையை நியமிப்பேன். துணையாக இருப்பவர் அந்த வாரம் முழுக்கப் போனில் பேசி ஜெபிக்க வேண்டும். அதற்காக எல்லாருடைய பெயர், வீட்டுக்காரர் பெயர், வீடு, போன் நம்பர் கொண்ட பட்டியல் குழுவின் உச்சியில் எப்போதும் இருந்தது.

சிலர் 'எல்லாருக்கும் போட வேண்டாம் டீச்சர்' என்று தொடங்கி எழுதுவார்கள். அவற்றை நான் வெளியிடாமல் நிறுத்திவைத்து, ஜெபத் துணைக்கு மட்டும் சொல்வேன். வாரம் முடிந்ததும் அழித்திருக்கலாம். அழித்ததில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

அன்று காலை, கூடலூரில் இருக்கும் ஒரு சிநேகிதி தன் படம் போட்ட வசன அட்டை ஒன்றைப் பதிவிட்டிருந்தாள். மூலையில் ஒரு புறா, 'வசனத்துளி' என்று சின்னதாக ஒரு பெயர். தொட்டேன். குழு நடத்துகிறவர்கள் தங்கள் குழுவில் உள்ள அனைவருக்கும் ஒரே தடவையில் அட்டை பெறலாம் என்றது. அடுத்த திரையில் ஒரு பட்டியல் வந்தது: உங்கள் பெயர், புகைப்படம், நண்பர்கள், நீங்கள் நிர்வகிக்கும் குழுக்கள், அவற்றின் உறுப்பினர்கள், பதிவுகள். கீழே நீலத்தில் பெரிதாக 'அனுமதி'. அதற்கும் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில் 'மாற்றியமைக்க'.

பிரைட்டன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ரேஷன் கார்டுக்குக்கூட இத்தன கேக்க மாட்டாங்களே. எதுக்கு உன் குரூப்பு அவனுக்கு?"

"பேர் போட வேண்டாமுங்களா? போட்டோ போட வேண்டாமா?"

"பேரு போட எதுக்குப் பதிவெல்லாம் கேக்கறான்?"

"வசனம் தர்றவன் என்னங்க திருடிட்டா போகப் போறான்?"

"நான் எதுக்குச் சொல்றேன். உன் போனு, உன் கை. அமுக்கு."

அழுத்தினேன். என் போன், என் கை. அந்த வாக்கியத்தில் எனக்கு ஒரு தவறும் படவில்லை.

ஒன்றாம் தேதி ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது நாற்பத்தொரு அட்டைகளும் குழுவில் வந்து இறங்கியிருந்தன. கோயில் படிக்கட்டில் ஸ்வெட்டரும் ஸ்கார்ஃபுமாக நின்று ஒருவர் போனை ஒருவர் வாங்கிப் பார்த்துக்கொண்டார்கள். தன் முகத்துக்குப் பக்கத்தில் தன் வசனம். அச்சடித்த அட்டையில் முகம் வராது. எல்லாரும் என்னைத்தான் வாழ்த்தினார்கள். அந்த வருஷத்தின் முதல் நாளை நான் அப்படிச் சந்தோஷமாகத் தொடங்கினேன்.

ஜனவரி கடைசிப் புதன்கிழமை, அன்னபாக்கியம் அக்கா சாட்சி சொல்ல எழுந்தார். தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எழுத வராது, அவர் விண்ணப்பங்களை நான்தான் கேட்டு எழுதிப் போடுவேன்.

"முன்னப் பின்னத் தெரியாத ஒரு தம்பி போன்ல கூப்பிட்டுச்சுங்க. 'அம்மா, உங்களுக்கு எடது முட்டி வலி, ரேஷன் கடப் படி ஏற முடியல, சரிங்களா?'ன்னு கேட்டுச்சு. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. மெட்ராஸ்ல இருக்கற தம்பிக்கு நம்மூரு ரேஷன் கடப் படிய யாருங்க காட்டுனது?"

பெண்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். கடைசி வரிசையிலிருந்து பெட்டி என்கிற பெண் கேட்டாள்: "அப்புறம் என்னங்க்கா சொல்லுச்சு?"

"ஒரு தைலம் இருக்குதாம், அனுப்பி வெக்கறேன்னுச்சு."

"வெளிப்படுத்துனது ஆண்டவரு, தைலம் விக்கறது தம்பியாக்கும்?"

இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் திரும்பி அவளை முறைத்தார்கள். பெட்டி எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். வாய் நிற்காது. ஆனால் ஜெபத் துணையாக அவளைக் கேட்கிறவர்கள்தான் அதிகம். போனில் அவள் ஐந்து நிமிஷம் ஜெபித்தால் அரை மணி நேரம் சிரிக்க வைப்பாள்.

அந்த 'ரேஷன் கடைப் படி' எனக்கு எங்கேயோ நெருடியது. அதை எழுதியது என் விரல்கள்தான். ஆனால் அந்த மாதத்தில் இன்னும் நாலு பேருக்கு இப்படி அழைப்பு வந்திருந்தது. ஒருத்திக்குத் தைராய்டு, ஒருத்திக்கு மகனுடைய குடி. எல்லாருமே தங்களை மேலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது போல நடமாடினார்கள். மூடுபனியில் கொழுந்து பறித்துவிட்டு இருட்டு வீட்டுக்குள் நுழைகிற பெண்ணுக்கு, எங்கோ ஒருவனுக்குத் தன் முட்டி வலி தெரியும் என்பது எவ்வளவு பெரிய விஷயம். எனக்கு ஏன் அழைப்பு வரவில்லை என்று லேசாகப் பொறாமையாகக்கூட இருந்தது.

எனக்கு வராததன் காரணம் மிக எளிது. நான் அந்தக் குழுவில் ஒரு விண்ணப்பம்கூட எழுதியதில்லை.

பிப்ரவரியில் ஜெஸிந்தாவின் வீட்டுக்கு அழைப்பு வந்தது.

ஜெஸிந்தா எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் வேலை பார்க்கிறவள். வயது இருபத்தொன்பது. கணவன் டெனினுக்கு ஃபேக்டரியில் வேலை. குழந்தை இல்லை. அவர்கள் லைனில் ஒரே ஒரு கம்பெனி சிக்னல்தான் எடுக்கும், அந்த சிம் அவள் மாமியாரின் போனில் இருந்தது. குழுவில் சேரும்போது அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். இது நடந்தது மூன்று வருஷத்துக்கு முன்பு. போன செப்டம்பரில் அவள் தன் சொந்தப் போனில் எனக்கு எழுதியது வேறு. நம்பர் ஒரு இடத்தில், ரகசியம் ஒரு இடத்தில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றியிருக்காது.

அவள் எழுதியது இது: 'எல்லாருக்கும் போட வேண்டாம் டீச்சர். கல்யாணம் ஆகி ஆறு வருஷம். ரெண்டு ரிப்போர்ட்டும் எடுத்தாச்சு, ஊட்டில ஒண்ணு, கோயம்புத்தூர்ல ஒண்ணு. குறை அவருக்குத்தான். அத்தைக்குத் தெரியாது. தெரிஞ்சா அவர் தாங்க மாட்டார். அத்தை என்னைத்தான் சொல்றாங்க. நானும் ஆமான்னு இருக்கேன். இப்படியே பேசாம இருக்க எனக்குப் பெலன் வேணும்.'

குழந்தை வேண்டும் என்று கேட்கவில்லை. அதைப் படித்த அன்று நான் சமையலறையில் நின்றபடியே நின்றுவிட்டேன். அவளுக்குத் துணையாகப் பெட்டியை நியமித்தேன்.

அழைத்தவள் தேன் போன்ற குரலில் பேசினாளாம். 'டெனின் சார் வீடுங்களா? ஆறு வருஷமாச்சு, ரெண்டு ரிப்போர்ட்டும் எடுத்தாச்சு, கவலைப்படாதீங்க, ஆண்களுக்குன்னே எங்ககிட்ட மருந்து இருக்கு' என்று தொடங்கியிருக்கிறாள். போனை எடுத்திருந்தது டெனினின் அம்மா.

இதை மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் அன்னபாக்கியம் அக்கா எனக்குச் சொன்னார். டெனின் ஜெஸிந்தாவின் போனைப் பிடுங்கிப் பார்த்தான், யாரிடம் சொன்னாய் என்று கேட்டான், அவள் பெட்டியின் பெயரைச் சொன்னாள். டெனினின் அம்மா நேராக எஸ்டேட் ஆபீஸுக்குப் போய், மேனேஜர் காதில் விழும்படி பெட்டியைக் கேள்வி கேட்டுவிட்டு வந்தார்.

"அவ வாய் தெரியாதுங்களா டீச்சர்? எங்கியாவது சிரிச்சுட்டே சொல்லியிருப்பா. மருந்துக்காரன் யாரோ அவளுக்குத் தோஸ்த்து போல."

"பெட்டி அப்படிச் செய்யற ஆளில்லீங்க்கா."

"பின்ன யாரு? அவளுக்கும் உங்களுக்கும்தானே தெரியும். நீங்களா சொல்லப் போறீங்க?"

அக்கா இதைச் சொல்லிவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார். நீங்களா சொல்லப் போறீங்க. அந்த நம்பிக்கை, அந்தக் கை.

ஏழாம் வகுப்புக்கு விகிதம் நடத்திக்கொண்டிருந்தேன். 'ரெண்டு ரிப்போர்ட்டும் எடுத்தாச்சு' என்பது காதுக்குள் சுழன்றுகொண்டே இருந்தது. வாயால் சொல்லப்பட்ட செய்தி கைமாறினால் வார்த்தை மாறும். இது மாறவில்லை. இது ஜெஸிந்தா எழுதிய வாக்கியம். ரேஷன் கடைப் படி நான் எழுதிய வாக்கியம். பாதிக் கணக்கில் சாக்பீஸை வைத்துவிட்டு, பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு, பள்ளிக்கு மேலே சிக்னல் கிடைக்கும் வளைவுக்குப் போனேன். கூடலூர் பஸ் ஒன்று என்மேல் உரசுவது போலத் திரும்பிப் போனது.

முகநூலின் அமைப்புகளுக்குள் நுழைந்து, ஒவ்வொரு கதவாகத் திறந்து, கடைசியில் கண்டுபிடித்தேன். நான் அனுமதி கொடுத்த செயலிகள் என்ற பட்டியலில் அந்தப் புறா உட்கார்ந்திருந்தது. பார்க்க அனுமதி உள்ளவை: குழு உறுப்பினர்கள், பதிவுகள், நிறுத்திவைத்த பதிவுகள். கடைசியாகப் பயன்படுத்தியது: இன்று.

இன்று. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதோ, பஸ்ஸுக்கு நின்றபோதோ.

நீக்கு என்பதை அழுத்தினேன். நீங்கியது. ஏற்கெனவே பெற்ற தகவல்கள் அவர்களிடமே இருக்கலாம், அவர்களைத் தொடர்புகொள்ளவும் என்று ஒரு வரி வந்தது. கொடுத்திருந்த முகவரிக்கு மின்னஞ்சல் எழுதினேன். அப்படி ஒரு முகவரி இல்லை என்று அது திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன். அன்று மாலைக்குள் அந்தப் பட்டியலைப் பத்துப் பதினைந்து தடவை திறந்து பார்த்திருப்பேன், புறா திரும்ப வந்து உட்கார்ந்திருக்குமோ என்று.

பிரைட்டனிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "சொல்லிரு" என்றார். "இந்தப் புதன்கிழமையே சொல்லிரு."

"பட்டன அமுக்கிட்டேன்னு சொன்னா அவங்களுக்குப் புரியுமாங்க?"

"புரியாதுன்னு பயப்படறயா, புரிஞ்சுருமுன்னு பயப்படறயா?"

அந்தப் புதன்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்தது. உண்மையான காய்ச்சல்தான், தெர்மாமீட்டரில் காட்டியது. உடம்பு எனக்காகப் பொய் சொல்லத் தயாராக இருந்தது.

அந்த நாட்களில் நான் ஓரிடத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை. கொதிக்கிற பாலை விட்டுவிட்டு வாசலுக்குப் போவேன், வாசலில் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புவேன். கோயிலில் பெண்களின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது பெஞ்சில் பச்சை சால்வை: கர்ப்பப்பைக் கட்டி. தூண் ஓரம்: மகள் ஓடிப்போனது. பியானோவுக்குப் பக்கத்தில்: தூக்க மாத்திரை. இத்தனை வருஷமும் நான் இதைப் பாரம் என்று எண்ணியிருந்தேன். எல்லாருடைய துக்கத்தையும் சுமக்கிறேன் என்று பிரைட்டனிடம் அலுத்துக்கொண்டதுண்டு. இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. ஒவ்வொரு முதுகுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், என் முதுகுக்குள் என்ன என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் எதையும் அழிக்காமல் வைத்திருந்தேன். பிரைட்டன் வீட்டில் இல்லாத மாலைகளில் பழைய விண்ணப்பங்களை மேலே தள்ளித் தள்ளித் திரும்பப் படித்திருக்கிறேன். அந்தச் செயலி விற்றது, நான் விற்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதானா என்று கேட்டுக்கொண்டேன்.

இதற்கிடையே பெட்டியை ஒருநாள் பஸ்ஸில் பார்த்தேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சிரிக்கவில்லை. அவள் சிரிக்காத முகம் எனக்குப் புதிதாக இருந்தது.

"டீச்சர், டெனின் ஓவேலி போய்ட்டானாமா. அங்க ஒரு ஃபேக்டரில வேல பாக்கறான், சிநேகிதன்கூடத் தங்கியிருக்கானாம். ஜெஸி என் போன எடுக்க மாட்டேங்குது."

"ம்."

"ஆபீஸ்ல லீவ் லெட்டர் குடுக்க வர்ற பொம்பளைங்ககூட என் டேபிளுக்கு வராம அந்தப் பக்கமா போறாங்க. நீங்களாச்சும் நம்பறீங்களா?"

"நம்பறேன் பெட்டி."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்குகிறவரை விடவில்லை. சொல்வதற்கு ஆறு கிலோமீட்டர் இருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்கடுத்த புதன்கிழமை காய்ச்சல் வரவில்லை. கூட்டத்துக்குப் பதினாறு பேர் வந்திருந்தார்கள். பெட்டி கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலி. ஜெஸிந்தா வரவில்லை. ஜெபம் முடிந்ததும் அன்னபாக்கியம் அக்கா எழுந்தார்.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. இனி பெட்டிய யாருக்கும் துணையா போட வேண்டாமுன்னு எல்லாருமா பேசி வெச்சிருக்கோம். நீங்க வாயால சொல்லீட்டா சரியாப் போகும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெட்டி மட்டும் பார்க்கவில்லை. மடியில் இருந்த பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"பெட்டி யார்கிட்டயும் சொல்லல" என்றேன். "என்னாலதான் போச்சு."

குரல் வகுப்பில் பேசுவது போல நிதானமாக வந்தது எனக்கே அசிங்கமாக இருந்தது. வசன அட்டை எப்படி வந்தது என்று சொன்னேன். அட்டை தந்த செயலிக்கு நான் எதைத் திறந்துவிட்டேன் என்று சொன்னேன். நீங்கள் எழுதியது, நான் நிறுத்திவைத்தது, உங்கள் நம்பர், எல்லாம் யாரோ ஒரு கம்பெனியிடம் போயிருக்கிறது, அவர்கள் அதைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள் என்றேன்.

தகரக் கூரையில் ஒரு குரங்கு ஓடியது. பச்சை சால்வைக்காரி தன் போனை எடுத்து வெறுமனே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ கேட்டார்கள்: "எம்மவ ஓடிப்போனதும் போயிருக்குமுங்களா?" போயிருக்கும் என்றேன். "எதெது போச்சுன்னு தெரியுமுங்களா?" தெரியாது என்றேன்.

அன்னபாக்கியம் அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப எனக்குப் பேசுன தம்பி?"

"அதுவும் அப்படித்தானுங்க்கா. நீங்க சொன்னத நான் எழுதினேன். அதப் பாத்துத்தான்…"

"அப்ப அந்தத் தம்பிக்கு ஒண்ணும் வெளிப்படலியா."

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் இடது காலை மெல்ல மடக்கி, நாற்காலியின் கையைப் பிடித்து உட்கார்ந்தார். ஆண்டவருடைய குரலை நான் எடுத்துக்கொண்டது போல என்னைப் பார்த்தார். ஜெஸிந்தாவுக்குச் செய்ததைவிட இது சிறிது என்று எனக்குத் தோன்றவில்லை.

பெட்டி எழுந்து வந்தாள். "எப்பத் தெரிஞ்சுது டீச்சர்?"

"பெட்டி…"

"எப்பத் தெரிஞ்சுது?"

"அவங்க ஊட்டுக்குப் போன் வந்த மறுநாளு."

"இன்னியோட பதிமூணு நாள். பஸ்ல வந்தப்பத் தெரியும்."

"தெரியும்."

"கையப் புடிச்சுட்டு வந்தனே. விட்டுட்டு எந்திரிச்சுப் போயிருக்கலாமில்ல?" அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. "உங்களோடது ஏதாச்சும் வெளிய வந்துச்சுங்களா டீச்சர்?"

"நான் எதுவும் எழுதல."

"ஆமா. நீங்க எழுத மாட்டீங்க." பையைத் தோளில் மாட்டினாள். "வாங்க. இங்க சொன்னத அந்த ஊட்டுலயும் வந்து சொல்லுங்க."

அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். ஃபேக்டரிக்குக் கீழே இறங்கும் பாதையில் மூடுபனி ஏறி வந்துகொண்டிருந்தது, நாலு அடி முன்னால் அவளுடைய சிவப்பு ஸ்வெட்டர் மட்டும் தெரிந்தது. ஒரே ஒரு இடத்தில், படி வழுக்குமென்று சொல்லாமல், நின்று நான் இறங்குகிறவரை பார்த்துவிட்டு மறுபடி நடந்தாள்.

டெனினின் அம்மா கதவைத் திறந்தார். பெட்டியைப் பார்த்ததும் முகம் இறுகியது. நான் வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தேன். இரண்டாம் தடவை சொல்லும்போது குரல் நிதானமாக வரவில்லை. ஜெஸிந்தா உள்ளே அடுப்புப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

டெனினின் அம்மாவுக்குச் செயலி, அனுமதி எதுவும் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பெட்டியைப் பார்த்து, "அப்ப நீ சொல்லலியா?" என்றார்.

"இல்லீங்க."

"ஆபீஸ்ல வந்து கத்திப்புட்டேனே."

"கத்துனீங்க."

அவர் ஒரு ஸ்டூலை எடுத்து பெட்டியின் பக்கம் போட்டார். எனக்குப் போடவில்லை.

"ஜெஸி, நான் வேணும்னா ஓவேலிக்குப் போய் டெனின்கிட்டச் சொல்றேன்" என்றேன். "உன் மேல தப்பில்லன்னு."

ஜெஸிந்தா முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"அவரு கேக்கறது அது இல்லீங்க டீச்சர். யாரு வெளிய விட்டான்னு அவரு கேக்கல. நீ எதுக்கு எழுதுனேன்னு கேக்கறாரு. பட்டன அமுக்குனது நீங்க. எழுதுனது நானு." மாமியார் உள்ளே தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். குரலைத் தாழ்த்தினாள். "அத்த இப்பெல்லாம் என்னைய ஒரு வார்த்த சொல்றதில்ல. ஆறு வருஷமா வாங்குன பேச்சு ஒரு போன்ல நின்னு போச்சு. நேத்து எனக்கு மொதல்ல சோறு போட்டுட்டு அப்புறம் அவங்க சாப்பிட்டாங்க. உங்கள நான் என்னன்னு நெனைக்கறதுன்னு எனக்கே தெரியல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். "நான் எழுதுனது இன்னும் இருக்குதுங்களா உங்ககிட்ட?"

"இருக்கு."

"அழிங்க. என் முன்னால."

அங்கே என் போனில் சிக்னல் எடுக்கவில்லை. மூவரும் மேலே தண்ணீர்த் தொட்டி வரை ஏறினோம். இரண்டு கோடு வந்தது. குழுவைத் திறந்தேன். நிறுத்திவைத்த பதிவுகள்: நூற்றுப் பதினேழு.

"படிக்காம அழிங்க" என்றாள் ஜெஸிந்தா.

படிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது என்று தோன்றியது. விரலால் தள்ளினேன். ஒவ்வொன்றிலும் பெயரில்லாமல் முதல் வரி மட்டும் தெரிந்தது. எனக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. கட்டி, மகள், மாத்திரை என்று கடந்து, கடந்து, விரல் ஓரிடத்தில் தானாக நின்றது. முதல் வரி எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் இருந்தது, எல்லாருக்கும் போட வேண்டாம் டீச்சர் என்று. ஆனாலும் நின்றது.

அவள் என் விரலைப் பார்த்தாள். "மனப்பாடமாத் தெரியுமுங்களா?"

போனை அவள் கையில் கொடுத்தேன். திரும்பி, ஃபேக்டரியைப் பார்த்து நின்றேன். பனியில் ஃபேக்டரி தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. பின்னால் இருவரும் தலையைச் சேர்த்துக் குனிந்திருப்பது குரல்களில் தெரிந்தது. பெட்டி ஏதோ சொன்னாள். ஜெஸிந்தா, "நாம படிக்கக் கூடாது, கண்ண மூடிக்குங்க" என்றாள்.

"கண்ண மூடிட்டு எப்படிடி அமுக்கறது?" பதிமூன்று நாட்களுக்குப் பிறகு பெட்டியின் குரலில் சிரிப்பு போல ஒன்று எட்டிப் பார்த்துப் போனது.

"எல்லாத்தையும் ஒண்ணா அழிச்சர்றதுக்கு ஒரு பட்டன் இருக்குது டீச்சர். எடுத்தரட்டுங்களா?" என்றாள் ஜெஸிந்தா.

நூற்றுப் பதினேழு. நான்கு வருஷத்துச் செவ்வாய்க்கிழமைகள்.

"எடுத்துரு" என்றேன்.

திரும்பிப் பார்க்க வேண்டுமென்று கழுத்து துடித்தது. பார்க்காமல் நின்றேன்.